இருபத்தொரு ஏணிகள்

கடலுக்குப் போகிற வழியும் கடலிலிருந்து திரும்புகிற வழியும் ஒன்றாகவே இருந்த ராயபுரத்துத் தெரு ஒன்றில் சவுரியம்மாள் என்பவளுக்குப் பிரிசில்லா என்று ஒரே மகள் இருந்தாள். அந்த மகள் சுவர்களில் படம் வரைந்தாள். முதலில் கோணி மூட்டைகளின் மேல் நின்றும், பிறகு இரவல் ஏணியில் நின்றும், கடைசியில் தனக்கென்று வாங்கிய மூங்கில் ஏணியில் நின்றும் வரைந்தாள். மாவு மில்லின் பக்கச் சுவரில் பெரிய இறால் ஒன்றையும், மெக்கானிக் ஷெட்டின் சுவரில் மழையில் நனைகிற பெண்களையும், மாதா கோவில் பள்ளியின் சுவரில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒரு யானையையும் வரைந்தாள். யாரும் கூலி தரவில்லை, அவளும் கேட்கவில்லை. சுவர் கொடுத்தவர்களுக்குத்தான் ஏதாவது தர வேண்டும் என்று நினைத்தாள்.

அதனால் மண்ணடியில் கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடித்துக்கொடுக்கும் சிக்கந்தரின் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்குப் போனாள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியின் மேல் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்து, அவளும் அவனும் இருபத்தொரு தாள்களை அடித்தார்கள். எல்லாத் தாளிலும் ஒரே வெறும் சுவர், ஒரே கறுப்பு ஏணி. ஏணியில் நிற்கிற பெண்ணை மட்டும் அவள் அச்சில் சேர்க்கவில்லை. தாள்கள் காய்ந்த பிறகு, ஒவ்வொன்றிலும் கையால், தன்னையே வரைந்தாள். ஒன்றில் கீழ்ப்படியில், ஒன்றில் உச்சியில், ஒன்றில் பாதி வழியில் பல்லில் தூரிகையைக் கடித்துக்கொண்டு. எல்லாவற்றிலும் முதுகைக் காட்டிக்கொண்டுதான், ஏனென்றால் சுவரில் வேலை செய்கிறவளைத் தெருவில் போகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அடியில் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு குழாயடியில் உட்கார்ந்து சட்டத்துத் துணியிலிருந்த அச்சு போகும்வரை தானே கழுவினாள். இனி இதில் ஒன்றுகூட அடிக்க முடியாது, வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற வாக்கு அது என்று சிக்கந்தரிடம் சொன்னாள்.

சுவர் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று போயிற்று. ஏழாம் எண், தெருவோவியர்களின் அச்சுப்படங்களைத் தேடித்தேடிச் சேர்த்த கீழ்ப்பாக்கத்துப் பல் டாக்டர் ஹரிகிருஷ்ணனிடம் போயிற்று. கடைசி எண்ணை அம்மாவிடம் கொடுத்தாள். அந்த மார்கழியில் வந்த காய்ச்சலில் பிரிசில்லா செத்துப்போனாள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பியபோது, அவரவர் வீட்டுப் படத்தில் ஏணி மட்டும் இருந்தது, ஏணியில் ஆள் இல்லை. மாவு மில் சம்பூர்ணத்தின் வீட்டில் மட்டும் பிரிசில்லா உச்சிப்படியில் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு பேராக இருந்தவள் ஒருத்தியாகிவிட்டாள், ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் இருப்பாள் என்பது மறுநாள் அவள் மெக்கானிக் டில்லிபாபுவின் ஷெட்டுக்குப் போனபோது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. செத்தவள் எப்படி வேலை செய்வாள் என்று யாரும் கேட்கவில்லை. எந்த வீட்டில் எத்தனை நாள் இருப்பாள் என்பதைத்தான் கேட்டார்கள்.

போகிற வீட்டிலெல்லாம் அவள் தாளில் இருந்த அந்த வெறும் சுவரில் படம் வரைந்தாள். சம்பூர்ணம் வீட்டில் மிளகாய் காயப்போட்ட மாடியை வரைந்தாள், அன்று முழுக்க மில்லில் நின்ற பெண்கள் தும்மினார்கள். டில்லிபாபுவின் ஷெட்டில் அவன் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த பதினான்காம் நம்பர் ஸ்பேனரை வரைந்தாள், எந்த டிரம்மின் அடியில் கிடக்கிறது என்பதோடு. இருட்டுச் சமையலறையில் மாட்டியிருந்தவர்கள் அவளுக்கு வெளிச்சம் வேண்டுமே என்று படத்தை முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டில் மாலை போட்டுப் பொட்டு வைத்தார்கள், அவள் அன்றைக்கே மொத்தச் சுவருக்கும் வெள்ளையடித்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள், அதன் பிறகு யாரும் மாலை போடவில்லை. வட்டத்துக் கவுன்சிலர் தன் தலைவரின் படத்தை அனுப்பி இதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள் என்றார். படத்தை ஃப்ரேமுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். அவள் அதற்குப் பதிலாக ஒரு நாற்காலியை வரைந்தாள், வெறும் நாற்காலி. கவுன்சிலர் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார். பங்குத்தந்தை ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளின் கடைசியில், படம் உள்ள வீட்டார் அந்தப் பெண் வரவில்லை என்று ஒருவருக்கொருவர் பொறாமைப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

டாக்டர் ஹரிகிருஷ்ணன் மட்டும் கொஞ்ச காலம் கலங்கிப்போயிருந்தார். அவர் தன் படங்களைச் சுவரில் மாட்டுவதில்லை. அகலமான இழுப்பறைகளில் படுக்க வைத்து, நடுவில் மெல்லிய தாள் விரித்து, வெள்ளைக் கையுறை போட்டுத்தான் எடுப்பார். பம்பாயிலிருந்து ஒரு சேகரிப்பாளர் கூப்பிட்டு, அந்த ஏழாம் எண் முழுமையாக இருக்கிறதா என்று விசாரித்தார். "இன்னும் வேலை நடந்துக்கிட்டிருக்கு" என்று டாக்டர் சொன்னார். சொன்ன பிறகுதான் தான் சொன்னதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. அன்று முதல் ஏழாம் எண்ணை இழுப்பறையிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் மேஜைமேல் வைத்தார்.

சவுரியம்மாளின் வீட்டுக்கு மட்டும் அவள் வரவில்லை.

சவுரியம்மாள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருந்தாள். வரிசையாக வரும் சட்டைகளை விரித்து, சாம்பிளோடு ஒத்துப்போகாததைத் தனியே போடுவது அவள் வேலை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுகிறபோதே இருபத்தொன்றாம் எண்ணைப் பார்ப்பாள். வெறும் சுவர். வெறும் ஏணி. அப்போது ஃபோன் வரும்.

"அக்கா, பிரிசி இங்க வந்துகீது. ஓடியா."

அவள் ஓடுவாள். ஆனால் வெறுங்கையோடு போக மாட்டாள். கட்டிக்கொடுத்த வீட்டில் மகளைப் பார்க்கப் போகிற தாய்மாதிரி, வழியில் பழமோ முறுக்கோ வாங்கிக்கொண்டு, தலையைச் சரிசெய்துகொண்டு, அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். சம்பூர்ணம் ஸ்டூலைத் துடைத்துப் போடுவாள்.

"வாங்க சம்பந்தி! பொண்ணு வேலையாக் கீது. நீங்க உக்காருங்க."

"ரொம்பப் படுத்துறாளா?"

"எங்க படுத்துது? எம் மருமகளுங்கதான் படுத்துறாளுங்கோ. இது வாயத் தொறக்காம வேலையப் பாக்குது. இப்டி ஒருத்தி கெடச்சிருந்தா நான் ஏன் மில்லுல கெடக்குறேன்?"

எல்லாரும் சிரிப்பார்கள். சவுரியம்மாளும் சிரித்துவிட்டு, படத்தில் இருக்கும் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோதுதான் பிரிசில்லாவின் பின்னல் இடுப்பைத் தாண்டியிருப்பதை அவள் கண்டாள். சாகிறபோது அது தோளுக்குக் கொஞ்சம் கீழேதான் இருந்தது, இவள்தான் வாரிவிட்டாள், இவளுக்குத் தெரியாதா. அடுத்த தடவை பார்த்தபோது சட்டை தொளதொளவென்றிருந்தது. அதற்கடுத்த தடவை குதிகாலில் புதிதாய் ஒரு வெடிப்பு.

வீட்டில் ஃபோட்டோக்கள் இருந்தன, சிறுமியாகக் கோவிலில் முதன்முதல் புதுநன்மை எடுத்தபோது, பள்ளிக்கூடத்தில், கடற்கரையில். அவற்றில் இருப்பவளுக்கு முடி வளராது. இங்கே இருப்பவளுக்கு வளர்கிறது. அப்படியானால் முகமும் மாறியிருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்குமோ, கன்னம் ஒட்டியிருக்குமோ, இப்போது எப்படி இருக்கிறாள் என்று சவுரியம்மாளுக்குத் தெரிய வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அதுதான். ஆனால் அடுத்தவர் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் டீயைக் குடித்துக்கொண்டு, ஏய் இந்தப் பக்கம் திரும்புடி என்று மகளை அதட்ட அவளால் முடியவில்லை. தன் வீட்டுக்கு வந்தால் சொல்லலாம். தன் வீட்டில் எப்படியும் ஒரு தடவை திரும்புவாள்.

போவதற்கு வேறு வீடு இல்லையென்றால் வருவாள் என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் சம்பூர்ணத்தைத்தான் கேட்டாள். மில் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. சம்பூர்ணம் பெல்ட்டை நிறுத்திவிட்டு மாவு படிந்த முகத்தோடு அவளைப் பார்த்தாள்.

"குடுத்துட்டா இங்க வராதே?"

"எங்கிட்ட வருவா."

"எனக்கும் பழகிப்போச்சு சம்பந்தி. மத்தியானம் தனியா சாப்புடச் சொல்லோ அது முதுகப் பாத்துக்கினே சாப்புடுவேன்." கொஞ்ச நேரம் மாவைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். "எடுத்துனு போங்க. பெத்தவ கேட்டு நான் இல்லேன்னா என் கட்ட வேகாது."

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய அதேதான் நடந்தது. பெற்றவள் வந்து கேட்கும்போது மறுக்க யாருக்கும் நா எழவில்லை. டில்லிபாபு ஷெட்டின் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஃப்ரேமை இறக்கிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று படத்துக்கு டாட்டா காட்டினார்கள். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், படத்தைத் தருகிறேன், ஆனால் அது மாட்டியிருந்த ஆணியை நான் பிடுங்க மாட்டேன் என்றார். இப்படி ஒவ்வொன்றாக, மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரை வருவதற்குள், ராயபுரத்தில் இருந்த அத்தனை ஏணிகளும் சவுரியம்மாளின் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தன.

கொண்டுவந்த படத்தை அவள் வெறுமனே மாட்டவில்லை. அவள் வீட்டில் மழைக்குச் சுவர் ஊறும், கடல் காற்றில் இரும்புப் பெட்டியே பொடிப்பொடியாக உதிரும், ரேஷன் கார்டை ஒரு தடவை பூச்சி அரித்துப் பெரிய பாடுபட்டிருந்தாள். அதனால் முக்கியமான காகிதம் எது கைக்கு வந்தாலும் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போவாள். பிரிசில்லாவின் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் அங்கேதான் லேமினேஷன் ஆயின. நாற்பதாம் நாள் பூசைக்கு மறுநாளே இருபத்தொன்றாம் எண்ணையும் அங்கேதான் கொடுத்தாள். இப்போது வருகிற ஒவ்வொரு படத்தையும் ஃப்ரேமிலிருந்து பிரித்து, சுருட்டாமல் மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்தாள். கடைக்காரர் மெஷினைச் சூடாக்கி, தாளைப் பிளாஸ்டிக்குக்கு நடுவில் வைத்து உள்ளே தள்ளுவார். மறுபக்கம் சூடாக, பளபளவென்று, எந்தப் பூச்சியும் எந்த ஈரமும் தொட முடியாதபடி அது வெளியே வரும். மகளுக்குப் புதுத்துணி எடுத்தவள்போல் அவள் அதைப் பார்ப்பாள். கொடுக்கிற நேரத்தில் எந்தப் படத்திலும் ஆள் இருந்ததில்லை. அடுத்தவர் வீட்டில் மகள் இருக்கும்போது படத்தைக் கேட்பது நாகரிகமில்லை என்று, அவள் போன பிறகுதான் சவுரியம்மாள் கேட்பாள்.

அறை முழுக்க ஏணிகள் மாட்டியிருந்தன. ஒன்றிலும் யாரும் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வந்தபோது வாசலில் சிக்கந்தர் நின்றிருந்தான். டாக்டர் தன்னைக் கூப்பிட்டதாகச் சொன்னான்.

"பிரிசி அவரு வூட்டுலயேதான் இருக்காம்மா. எங்கயும் போறதில்லயாம். வேலையும் செய்றதில்ல. தாளோட ஓரத்துல கைய வச்சு வச்சுப் பாக்குதாம். கதவு தேடுறமாதிரி கீதுன்னு அவரு சொல்றாரு."

"அங்கருந்து இங்க வர வழி தெரியலபோல" என்று சொல்லிக்கொண்டே சவுரியம்மாள் பூட்டைத் திறந்தாள்.

சிக்கந்தர் உள்ளே வந்தான், நான்கு சுவரையும் பார்த்தான், ஒன்றின் மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான், பிறகு அடுத்ததன் மேல், பிறகு அடுத்ததன் மேல். அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"எல்லாத்தையுமா?"

"கண்ணாடி மாட்டுனா ஈரம் கோத்துக்குதுப்பா. இது பத்திரம். தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

"அம்மா..." அவன் சுவரைக் காட்டினான். "கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவுல காத்து கீதும்மா. இதுல காத்தே இல்ல. ஒட்டிப்போச்சு. பிளாஸ்டிக்கு மேல கலர் நிக்காது, உள்ள எறங்காது. அது எப்டி வரும்? வந்து வந்து தட்டிட்டுப் போயிருக்கும்."

சவுரியம்மாள் இருபத்தொன்றாம் எண்ணை ஆணியிலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்தாள். "உரிச்சுக் குடு" என்றாள். அவன் பிளேடால் மூலையைக் கீறி, நகத்தால் கிளப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தான். பிளாஸ்டிக்கோடு சுவரும் வந்தது, ஏணியின் கறுப்பும் வந்தது. கையில் மிஞ்சியது பஞ்சுபோல் பிசிறிய வெள்ளைத் தாள்.

"புதுசா ஒண்ணு அடி சிக்கந்தரு. ஒண்ணே ஒண்ணு."

"சட்டத்தக் கழுவிட்டோம்மா. அன்னிக்கே பிரிசிதான் கழுவுச்சு, எங் கண்ணு முன்னாடி." அவன் பிசிறை விரலால் நீவி நீவி உட்கார வைக்கப் பார்த்தான். "இருந்தாலும் அடிக்க மாட்டேன். வாக்கு குடுத்துருக்கோம்."

அவள் அழவில்லை. தினமும் எத்தனையோ சட்டைகளை விரித்துப் பார்க்கிறவள், அவன் கையில் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, கீழ்ப்பாக்கத்துக்குப் பேருந்து ஏறினாள்.

டாக்டர் அவளை எதிர்பார்த்திருந்தவர்போல் கதவைத் திறந்தார். மேஜைமேல் ஏழாம் எண் இருந்தது. பிரிசில்லா ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்திருந்தாள், முதுகு வளைந்திருந்தது, ஒரு கை தாளின் வலது ஓரத்தில் இருந்தது. பின்னல் தரையைத் தொட்டது.

"நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் எதையும் கொடுத்ததில்லைம்மா" என்றார் டாக்டர். "என் மனைவி கேட்டுக்கூடக் கொடுக்கல. அவங்க தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு படம் பரிசாக் கொடுக்கலாம்னாங்க, குக்கர் வாங்கிக் கொடுத்தேன்."

"குக்கர் நல்லதுதானே டாக்டர்."

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க. வேற தொனியில." அவர் சிரிக்க முயன்றார். "இவ முன்னெல்லாம் வருவா, நாலு நாள் இருப்பா, எதையாவது வரைஞ்சுட்டுக் கிளம்பிடுவா. அப்ப எனக்குக் கோபம் வரும், என் இழுப்பறைல இருக்கிறது என்னோடதுதானேன்னு. இப்ப எந்நேரமும் இங்கதான் இருக்கா. என்னால பார்க்க முடியல."

"வேற வூடு இல்ல டாக்டர் அவளுக்கு. நான் எல்லாத்தையும் சாத்திட்டேன்."

அவர் கையுறையை மாட்டி, தாளைப் பெரிய அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நாலு பக்கமும் ஒட்டாமல் நூலால் கட்டினார். ஆட்டோ வரை தானே தூக்கிக்கொண்டு வந்தார். "மெதுவாப் போப்பா. உள்ள ஆள் இருக்கு" என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் வழி நெடுகப் பள்ளங்களில் நின்று நின்று ஓட்டினார்.

அப்படித்தான் பிரிசில்லா தன் வீட்டுக்கு வந்தாள்.

சவுரியம்மாள் கம்பெனிக்கு லீவு சொன்னாள். நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்தாள், வாசனை அவளுக்குப் போகட்டும் என்று படத்தின் அடியில் வைத்துத் திறந்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. சம்பூர்ணம் ஒரு கிலோ கேழ்வரகு மாவு கொண்டுவந்தாள். டில்லிபாபு வாசலோடு நின்று, "பிரிசி, அந்த ஸ்பேனரு மறுபடி காணோம்" என்றான். வீட்டுக்கு வந்த சந்தோஷமோ என்னவோ பிரிசில்லா எழுந்து சுவருக்கு வெள்ளையடித்து வரையத் தொடங்கினாள், முதல்நாள் அலை, மறுநாள் அதை அழித்துவிட்டுத் தென்னை, அதற்கும் மறுநாள் அதை அழித்துவிட்டு ஒரு கதவு. சவுரியம்மாள் எதிரே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் பேசினாள், யார் வீட்டில் யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தப் படகு கரை திரும்பவில்லை, கம்பெனியில் புதிதாக வந்த சூப்பர்வைசர் மூக்கால் பேசுவது எப்படி என்று அப்படியே பேசிக் காட்டினாள்.

பிறகு ஒருநாள் சாதாரணமாகச் சொல்வதுபோல், "இந்தப் பக்கம் திரும்பேன்டி" என்றாள்.

பிரிசில்லா திரும்பவில்லை. காதில் விழாததுபோலவும் இல்லை. தூரிகை நின்றது, கழுத்து ஒரு நூல் அளவு அசைந்தது, அவ்வளவுதான். முதுகாக வரையப்பட்டவளுக்கு முகத்தின் பக்கம் எதுவும் வரைந்திருக்கவில்லை என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அதெப்படி, தூரிகையைப் பல்லில் கடித்துக்கொள்கிறாளே, வாய் இல்லாமலா என்று சிலர் சண்டைக்குப் போனார்கள்.

கதவை அழித்து அவள் இன்னொரு கதவு வரைந்தாள். அதை அழித்து இன்னொன்று. மாவு மில்லின் தகரக் கதவு, ஷெட்டின் ஷட்டர், பள்ளிக்கூடத்துக் கம்பிக் கேட், ஆணியைப் பிடுங்காத கிழவரின் பச்சைக் கதவு. ஒவ்வொன்றையும் வரைந்து முடித்துக் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை என்றதும் சுண்ணாம்பை எடுத்தாள். ஒரு தாள் எத்தனை பூச்சைத் தாங்கும்? அது தடித்தது, நடுவில் பள்ளம் விழுந்தது, ஓரங்கள் சுருண்டன, ஒரு காலையில் சுவரின் குறுக்கே மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பிரிசில்லா அந்த வெடிப்புக்குக் கீழே தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பார்த்த ஜெராக்ஸ் கடைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். "ஒடனே எடுத்துனு வாங்கம்மா, லேமினேஷன் போட்டுரலாம். உள்ள ஆளு இருக்கச் சொல்லோ போட்டா அப்டியே நின்னுடும். எங்கயும் போவாது. ஆயுசுக்கும் உங்ககிட்டதான்."

சவுரியம்மாள் அதை நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு கையாலும் தாளை ஏந்திக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது, சூடான பிளாஸ்டிக் நாற்றம் தெருவரை வந்தது. தாளுக்குள் பிரிசில்லா இரு கைகளையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டாள். காய்ச்சலின்போது ஊசி போட நர்ஸ் வந்ததும் அவள் அப்படித்தான் வைத்துக்கொள்வாள். சவுரியம்மாள் கடைக்கு எதிரிலேயே சிறிது நேரம் நின்றாள், பிறகு திரும்பி வீட்டுக்கு வந்து, அடுப்பில் தண்ணீர் வைத்து, மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சினாள்.

நல்ல உச்சிவெயில். துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போகிற பாதையை ஒட்டிய நீண்ட மதிலுக்கு முன்னால், ஒரு கையில் பசை வாளியும் ஒரு கையில் தாளுமாக அவள் நின்றாள். சினிமாப் போஸ்டரும், கண்ணீர் அஞ்சலியும், டியூஷன் விளம்பரமும், விளம்பரம் செய்யாதீர் என்ற எழுத்தும் அந்தச் சுவரில் இருந்தன. ஓர் இடத்தைத் துடைத்துப் பசை தடவி, ஏழாம் எண்ணை, உலகத்தில் மிச்சமிருந்த அந்த ஒரே ஒன்றை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவினாள். பசை தாளில் ஊறியது, தாள் சுவரில் ஊறியது. எது தாள் எது சுவர் என்று தெரியாமல்போனது.

பிரிசில்லா ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். கை வெளியே போயிற்று. ஏணி அச்சடித்தது, அதனால் அது தாளிலேயே நின்றுவிட்டது. அவள் மட்டும் வண்ண டப்பாவை எடுத்துக்கொண்டு, வாசற்படி தாண்டுவதுபோல் காலைத் தூக்கி வைத்து மதிலுக்குள் இறங்கினாள். ஒரு கணம் நின்று முதுகை நெளித்துச் சோம்பல் முறித்து, தன் முழு உயரத்துக்கு நிமிர்ந்தாள். பிறகு நடந்தாள்.

அம்மா தெருவிலும் மகள் சுவரிலுமாக இருவரும் நடந்தார்கள். பிரிசில்லா கண்ணீர் அஞ்சலியைத் தாண்டினாள், டியூஷன் விளம்பரத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள், சினிமா நாயகனின் முழங்காலில் ஒரு புள்ளி வைத்தாள். சவுரியம்மாள் அவள் வேகத்துக்கு வேகம் வைத்து நடந்தாள். "வெயிலுடி, ஓரமா வா" என்றாள், சுவருக்கு ஏது ஓரம் என்று தானே சிரித்தாள். "பசிக்குதா? ராத்திரி எங்க தங்குவே? கோட்டைப் பக்கம்லாம் போவாத, அங்க மாசத்துக்கு ஒருக்கா பெயின்ட் அடிக்கிறானுங்கோ."

நிழலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் பீடியை எடுத்துவிட்டுக் கூப்பிட்டார். "இன்னாம்மா, பொண்ணு கூட வாக்கிங்கா?"

"ஆமாப்பா" என்றாள் சவுரியம்மாள். அதைச் சொல்லும்போது அவள் குரல், கல்யாண வீட்டில் விசாரிக்கப்பட்டவளின் குரல்போல் இருந்தது.

மதில் ஓரிடத்தில் விட்டுப் பிரிந்தது. தண்டவாளத்தைக் கடக்க ஜனங்கள் இடித்து உண்டாக்கிய இடைவெளி அது. பிரிசில்லா அந்த விளிம்புக்கு வந்து நின்றாள். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்ப்பதுபோல, தலையை லேசாகச் சாய்த்து நின்றாள். இவ்வளவு பக்கத்தில் அவள் இருந்ததே இல்லை. கழுத்து மடிப்பில் வியர்வை தெரிந்தது, காதோரத்தில் சுண்ணாம்புத் தீற்றல் தெரிந்தது. இந்தப் பக்கம் முதுகு இருக்கிறதென்றால் அந்தப் பக்கம் முகம் இருக்க வேண்டும். நாலே எட்டில் போய்ப் பார்த்துவிடலாம்.

"இங்கயே நில்லு. வந்துர்றேன்" என்றாள் சவுரியம்மாள்.

இடைவெளியில் புடவையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, உடைந்த செங்கல்லில் கால் தடுமாறி, மறுபக்கம் ஏறினாள். அங்கே மதிலைப் பார்த்து நின்றிருந்த ஒருவர் அவசரமாக வேட்டியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துபோனார். அந்தப் பக்கத்துச் சுவருக்கு யாரும் பூச்சு பூசியிருக்கவில்லை. செங்கல்மேல் செங்கல், நடுவில் பிதுங்கிய சிமென்ட், கீழே ஈரம். அவ்வளவுதான் இருந்தது. சவுரியம்மாள் விளிம்பிலிருந்து கணக்குப் பார்த்து, மகளின் உயரத்துக்குக் கையைத் தூக்கி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். செங்கல் வெயிலில் சுட்டது. சிமென்ட் பிசிறை விரலால் தடவினாள், நெற்றி இங்கே, மூக்கு இங்கே, கன்னம் ஒட்டித்தான் போயிருக்கிறது.

தூரத்தில் சரக்கு ரயில் ஒன்று ஊதியது. யாரோ, "தண்டவாளத்த வுட்டு வாம்மா, வண்டி வருது" என்று கத்தினார்கள்.

வந்துவிடுகிறேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தாள். ஆனால் தான் இந்தப் பக்கம் நிற்கிற வரைக்கும் அந்தப் பக்கம் மகள் நின்றுகொண்டிருப்பாள். அதனால் சவுரியம்மாள் கையை எடுக்காமல், சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு நின்றாள். பெட்டி பெட்டியாக ரயில் அவள் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.